எட்டாவது பூட்டு

சைரன் அலறியது.

முப்பது வினாடி, ஒரே மூச்சில். பேனல் ரூம் கூரைமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி ஒரகடம் ரோட்டுப் பக்கம் பறந்தன. ஷெர்லின் கையிலிருந்த டீ தளும்பி, அவளுடைய பச்சை சேஃப்டி ஜாக்கெட்டில் கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மணி இரண்டு நாற்பது. இது முதல் சைரன். இன்னும் இருபது நிமிடத்தில் புது பேனல்களுக்குக் கரண்ட் வரப்போகிறது, உள்ளே யார் இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள் என்று அர்த்தம். இரண்டு ஐம்பதுக்கு இரண்டாவது சைரன். மூன்று மணிக்கு மெயின் சுவிட்ச்.

"ஷெர்லின் மேடம், இங்க கொஞ்சம் வாங்க."

கூப்பிட்டவர் வசந்தகுமார். அந்தத் தொழிற்சாலையின் எலக்ட்ரிகல் தலைமைப் பொறியாளர். தொழிற்சாலை அதிகாரிகள் மட்டும் போடும் வெள்ளை ஹெல்மெட். சத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை. சத்தம் போடாமலே கான்ட்ராக்டர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

ஷெர்லின் கான்ட்ராக்டரின் ஆள். தரமும் பாதுகாப்பும் அவள் பொறுப்பு. ஒவ்வொரு பேனலையும் சோதித்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பதினொரு பேனலுக்கும் ஒட்டியாகிவிட்டது. தொழிற்சாலையிடம் ஒப்படைத்தும் ஆகிவிட்டது. பிறகு எதற்குக் கூப்பிடுகிறார்?

வசந்தகுமார் சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியைக் காட்டினார்.

அந்தப் பெட்டிக்குள்தான் மெயின் சுவிட்சின் சாவி இருக்கிறது. வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவரும் பெட்டியின் வாயில் தன் பூட்டைத் தொங்கவிட்டு, அதன் சாவியைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அவரவர் பூட்டை அவரவர் கையால் எடுக்க வேண்டும். எட்டுப் பேர் வேலை செய்தால் எட்டுப் பூட்டு. அதில் ஒன்று தொங்கினாலும் பெட்டி திறக்காது, கரண்ட் இல்லை.

ஏழு பூட்டு போயிருந்தது. எட்டாவது பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒட்டிய போட்டோவில் ஓர் ஆள் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார். கீழே ஷெர்லினின் கையெழுத்தில் பெயர்: மாரி, ஃபிட்டர்.

"யாருங்க இந்த மாரி? எங்க இருக்காரு?"

ஷெர்லின் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து டென்னிஸ் வந்துவிட்டார். கான்ட்ராக்டரின் சைட் இன்சார்ஜ், ஷெர்லினுக்கு மேலதிகாரி. தொப்பையும் சிரிப்புமாக எப்போதும் ஆளுக்கு முன்னால் குரல் வரும்.

"அட, அவன் நைட் ஷிப்டு ஆளு சார்! காலைலயே போயிட்டான். பூட்டை மறந்துட்டுப் போயிருப்பான். இவனுங்க மூக்கை மறந்துட்டு வந்தாலும் வருவானுங்க."

வசந்தகுமார் சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். கேட்டிலிருந்து வந்த பதிவு. "மாரி. நேத்து ராத்திரி எட்டு பத்துக்கு இன். இன்னிக்குக் காலைல எட்டு நாலுக்கு அவுட். சரிதானுங்களா, மேடம்?"

"ஆ... ஆமாம் சார்."

"அப்ப பூட்டை வெட்டணும். அதுக்கு ஃபாரம் இருக்குது. ஆளு வெளிய போயிட்டாருங்கறதுக்கு கேட் பதிவு, போன்ல கூப்பிட்டுப் பார்த்ததுக்கு ஒரு வரி, உங்க கையெழுத்து. மூணு மணிக்கு நான் கரண்ட் குடுத்து சார்ஜ் பண்ணணும். பெயின்ட் உலர்த்தற அடுப்பு சூடாக பதினாலு மணி நேரம் எடுக்கும். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு லைன் ஓடணும்."

ஷெர்லின் தலையாட்டினாள். கேட் பதிவு எப்படி இருந்தாலும், மாரி மற்ற மூன்று நைட் ஷிப்டு ஆட்களுடன் ஒன்றரை மணிக்கே கழிவு கேபிள் ஏற்றிய வேனில் போயிருப்பார். அவசரத்தில் பூட்டை எடுக்க மறந்திருப்பார். அப்படித்தான் நினைத்தாள்.

கன்டெய்னரை வெட்டிச் செய்த சைட் ஆபீசுக்குள் நுழைந்து, தன் மேஜை டிராயரை இழுக்கும் வரைக்கும் அப்படித்தான் நினைத்தாள்.

டிராயரில் ஃபாரம் கட்டு இருந்தது. ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. மிச்சமிருந்த பச்சை ஸ்டிக்கர்கள் இருந்தன. அவற்றின்மேல் ஒரு போன் கிடந்தது. உடைந்த முதுகில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய பழைய போன்.

மாரியின் போன்.

அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

காலை எட்டு மணி அவள் கண்முன் வந்தது. முந்தின ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே வந்த நான்கு ஃபிட்டர்களும் அப்போது வெளியே போயிருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓர் ஆள் உள்ளே இருந்தால் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் தானாகவே சிவப்பு காட்டும். கான்ட்ராக்டருக்கு நோட்டீஸ் வரும். மாற்று ஆட்கள் நான்கு பேர் மறைமலை நகரிலிருந்து வந்து கேட்டில் நின்றதென்னவோ உண்மை. ஆனால் அவர்களுடைய பாதுகாப்புப் பயிற்சிச் சீட்டு இரண்டு நாள் முன்புதான் காலாவதியாகியிருந்தது. செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிட்டார். அவர்களைத் தவிர, காலை ஷிப்டுக்கு உள்ளே வந்த வேறு நான்கு பேர் டிரான்ஸ்பார்மர் முற்றத்து வேலைக்கே போதவில்லை.

டென்னிஸ் அவள் காதருகே வந்து சொன்னார்: "நாலு கார்டையும் வாங்கிக்கோ. நீ போய் அவுட் பஞ்ச் அடிச்சுட்டு வந்துடு. பசங்க வேலையைப் பாக்கட்டும்."

முதல் தடவை இல்லை. போன மாதம் இரண்டு முறை செய்தாயிற்று. முதல் முறை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அடித்தாள். இரண்டாவது முறை பார்க்கவில்லை.

அந்தக் கேட்டில் தொழிலாளர்களின் போன்களை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். வெளியே போய்விட்டதாகப் பதிவான ஆளின் போன் உள்ளேயே கிடந்தால் செக்யூரிட்டிக்குச் சந்தேகம் வருமே? அதை யோசித்தவர் டென்னிஸ் இல்லை, ஷெர்லின்தான். "எல்லாரும் வேன்ல ஏறிட்டாங்கண்ணா, நான் எடுத்துட்டுப் போயிக் குடுத்துடறேன்" என்று சொல்லி நான்கு போன்களையும் வாங்கி வந்து இதே டிராயரில் போட்டாள். எதைச் செய்தாலும் ஓட்டை இல்லாமல் செய்வாள். கல்லூரியிலிருந்தே அதற்குத்தான் பாராட்டு.

பிறகு நான்கு பேரையும் நிற்கவைத்துப் பாடமும் நடத்தினாள்.

"வெள்ளை ஹெல்மெட்டு யாராவது வந்தா கண்ணுல படக்கூடாது. அப்படியே பட்டு, யாராவது கேட்டா என்ன சொல்லணும்?"

"காலைல எட்டு மணிக்கே வூட்டுக்குப் போயிட்டோம் மேடம்!" ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நாலு பேரும் கோரஸ் பாடினார்கள்.

மாரி மட்டும் தலையைச் சொறிந்தார். "வூட்டுக்குப் போயிட்டேன்னா, இங்க நின்னுகினு கீறது இன்னா மேடம், ஆவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

பூட்டு விஷயத்தில் மட்டும் அவள் கண்டிப்பாக இருந்தாள். கார்டில் பொய் சொன்னாலும் பூட்டில் சொல்லவிடவில்லை. "நீங்க உள்ள இருக்கிற வரைக்கும் பூட்டு தொங்கணும்ணா. அது தொங்கற வரைக்கும் எந்தக் கொம்பனும் கரண்ட் குடுக்க முடியாது" என்று சொல்லியிருந்தாள். மாரி கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒன்றரை மணிக்கு மற்ற மூன்று பேர் தங்கள் பூட்டுகளை எடுத்துவிட்டு ஓடிவந்து, தங்கள் போன்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, செக்யூரிட்டி பார்க்காதபடி கழிவு கேபிள் கட்டுகளுக்கு நடுவே வேனில் ஏறினார்கள். அப்போது அவள் வேறு கணக்கில் மும்முரமாக இருந்தாள். மூன்றா நான்கா என்று பார்க்கவில்லை.

ஷெர்லின் தன் போனை எடுத்துத் திருமலையைக் கூப்பிட்டாள். அந்த மூவரில் ஒருவன்.

"திருமலை, மாரியண்ணன் உங்ககூடத்தானே இருக்காரு?"

"இல்லியே மேடம். வேன்ல நாங்க மூணு பேருதான். ஸ்ரீபெரும்புதூர் வந்துட்டோம், பிரியாணி துன்னுகினு கீறோம்."

"அவர் எங்க?"

"பேனல் ரூம்லதான் மிச்ச கேபிளைப் பொறுக்கிகினு இருந்தாரு. அந்த வெள்ளைத் தொப்பி ஆளுங்க சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே செக்கிங்குக்கு வந்துட்டாங்கல்ல? நாங்க பின்கதவால ஓடியாந்துட்டோம். அவுரும் பின்னாடியே வராருன்னு நெனச்சோம்." அவன் மெல்லுவதை நிறுத்தினான். "இன்னா மேடம், வர்ல்லியா?"

அவள் போனை வைத்தாள். மணி இரண்டு நாற்பத்தாறு.

பேனல் என்பது ஆளுயர இரும்பு பீரோ மாதிரி. முன்பக்கம் மீட்டரும் சுவிட்சும். பின்பக்கக் கதவைத் திறந்தால் கேபிள்கள் வந்து சேரும் சிறு அறை. ஓர் ஆள் முழங்காலை மடக்கி உட்கார இடம் இருக்கும். தோள் உயரத்தில் கரண்ட் ஓடும் செம்புக் கட்டைகள், மூடி இல்லாமல், பளபளவென்று.

ஒளிந்துகொள்ள அந்த அறையில் வேறு இடமே கிடையாது.

டென்னிஸ் கன்டெய்னர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "ஒரு ஃபாரம் எடுக்க எவ்ளோ நேரம்மா? அங்க ஆளு வாட்சைப் பாத்துகினு நிக்கிறாரு."

"சார், மாரியண்ணன் வெளிய போகல. பேனல் ரூம்லயே மாட்டிக்கிட்டாரு." அவள் டேப் சுற்றிய போனைத் தூக்கிக் காட்டினாள்.

டென்னிஸின் சிரிப்பு அப்படியே உறைந்தது. ஒரு கணம்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து அவளெதிரே உட்கார்ந்தார்.

"போனு இங்க கீதுன்னா ஆளு பேனல் ரூம்ல கீறான்னு அர்த்தமா? ஸ்டோர்ல கேபிள் டிரம்முக்குப் பின்னாடி சாக்கை விரிச்சுப் படுத்துகினு இருப்பான். பதினெட்டு மணி நேரம் முழிச்சவன். ரூமை அவங்களே சுத்திப் பாத்துட்டுத்தான் சீல் வச்சாங்க."

"பின்பக்கக் கதவைத் திறந்து பாத்திருக்க மாட்டாங்க சார். என் பச்சை ஸ்டிக்கர் இருக்கே. அதைப் பார்த்து அப்படியே கைப்பிடியைத் திருகிப் பூட்டியிருப்பாங்க."

"இருப்பாங்க, இருப்பாங்க! எல்லாம் உன் ஊகம்."

"ஒரே ஒரு தடவை திறந்து பாத்துடலாம் சார்."

"பாக்கலாமே. போய்க் கேளு. ஏன் திறக்கணும்னு கேப்பாரு. இன்னா சொல்லுவ?"

அவள் டிராயரைச் சாத்தினாள்.

"நான் சொல்லட்டுமா?" டென்னிஸ் குரலைத் தாழ்த்தினார். திட்டும்போதுகூட இவ்வளவு பயமாக இருந்ததில்லை. "காலைல கேட்டு கேமராவுல நாலு கார்டை வச்சுகினு நின்னது யாரு? போனுக்குக் கையெழுத்துப் போட்டது யாரு? நான் உனக்கு ஏதாவது எழுத்துல குடுத்தேனா? மெசேஜ் அனுப்புனேனா? ஏம்மா, கேட் கண்ணாடில ஒரு போட்டோ ஒட்டிகீதே, பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறாள். தினமும் பார்க்கிறாள். வேறொரு கான்ட்ராக்டரின் பாதுகாப்பு அதிகாரி; பொய்க் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர். போட்டோவில் மீசையைத் தடவிச் சிரித்துக்கொண்டிருப்பார். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் எந்தக் கேட்டிலும் அவருக்குப் பாஸ் கிடையாது. இப்போது சுங்குவார்சத்திரத்தில் ஒரு செல்போன் கடையில் கவர் விற்கிறார் என்று கேள்வி.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாம வேலைக்கு வந்த புள்ள நீ. கர்த்தர் பாத்துப்பாரு. கையெழுத்தைப் போடு. நான் போய் அவனை ஸ்டோர்ல தேடறேன், போதுமா?"

போகிறேன் என்றவர் எழுந்திருக்கவில்லை. ஷெர்லின்தான் ஓடினாள். மாரியின் போனை ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு.

ஸ்டோரில் இல்லை. கேபிள் டிரம்களுக்குப் பின்னால் ஒரு நாய் படுத்திருந்தது. கழிப்பறையில் இல்லை. டிரான்ஸ்பார்மர் முற்றத்திலிருந்த நான்கு பேரும் மாரியைக் காலையிலிருந்தே பார்க்கவில்லை என்றார்கள்.

பேனல் ரூம் கதவில் சிவப்பு டேப் குறுக்கே ஓடியது. செக்யூரிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, ஒரே நிமிஷம் உள்ள போய்ட்டு வந்துடறேன்."

"பெர்மிட் கீதா மேடம்? வசந்தகுமார் சார் கையெழுத்து இல்லாம யாரையும் வுடக்கூடாதுன்ட்டாரு."

கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பதினொரு பீரோக்களும் முதுகைக் காட்டி வரிசையாக நின்றன. பதினொன்றிலும் பச்சை ஸ்டிக்கர். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து.

"மாரிண்ணா!" கதவைத் தட்டிக் கூப்பிட்டாள். "மாரிண்ணா, இருக்கீங்களா?"

ஒரு சத்தமும் இல்லை. செக்யூரிட்டி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவர் உள்ளே இல்லையோ? நிம்மதி ஒரு நொடி எட்டிப்பார்த்தது. உடனே செத்தது. இருந்தாலும் அவர் வாயைத் திறக்க மாட்டார். வெள்ளை ஹெல்மெட் இருக்கும்போது கண்ணில் படக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். பூட்டு தொங்கும் வரைக்கும் பயமில்லை என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். சைரன் சத்தம் கேட்டிருக்கும். கேட்டும், கழுத்துச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு பொய்யாகத் தேடினாள். மாரி மறுபடி உள்ளே வந்தார் என்று சொல்லலாமா? இன் பதிவு இல்லை. பேனலில் ஏதோ குறை கண்டுபிடித்தேன், திறந்து பார்க்க வேண்டும் என்றால்? பதினொன்றுக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காகிதம் வழி மறித்தது. எல்லாம் அவளே ஓட்டை இல்லாமல் எழுதிய காகிதங்கள்.

இருந்தாலும் முயன்று பார்த்தாள். சிவப்புப் பெட்டியருகே நின்ற வசந்தகுமாரிடம் போய், மூச்சு வாங்க, "சார், சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி பின்பக்கக் கதவு எல்லாத்தையும் ஒருதடவை திறந்து பாத்துடலாமா?" என்றாள்.

"எதுக்குங்க?"

"ஒரு... ஒரு திருப்திக்கு சார்."

"உங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதே? அதுல உங்களுக்கே திருப்தி இல்லீங்களா?" அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே கேட்டார். "திறந்தா திரும்பச் சோதனை பண்ணணும் மேடம். மூணு மணி நேரம் போயிடும். பரவால்ல, காரணம் எழுதிக் குடுங்க. இப்பவே திறக்கறேன்."

பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

இரண்டாவது சைரன் அலறியது. மணி இரண்டு ஐம்பது.

சைரன் ஓயும்போது டென்னிஸ் வந்துவிட்டார். ஒரு கையில் நீளக் கைப்பிடி கட்டர், மறு கையில் ஃபாரம். அவரே எழுதி நிரப்பியிருந்தார். பூட்டுக்காரர் பெயர்: மாரி. வளாகத்தை விட்டு வெளியேறிய நேரம்: காலை 8.04. கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் வெறுமையாக இருந்தது.

"ஸ்டோரெல்லாம் பாத்துட்டேம்மா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒண்ணும் இல்ல. மனசைப் போட்டுக் குழப்பிக்காத. போடு."

ஃபாரத்தைப் பெட்டிமேல் வைத்தார். பேனா அவள் விரல்களுக்கு இடையில் வந்துவிட்டது. யார் திணித்தார்கள் என்று தெரியவில்லை. எட்டாவது பூட்டிலிருந்து மாரி அவளை முறைத்தார். அந்த போட்டோ எடுத்தவளும் அவள்தான். "சிரிங்கண்ணா" என்றதற்கு, "பூட்டு மேல சிரிச்சுகினு இருந்தா எவன் மேடம் பயப்படுவான்?" என்று வேண்டுமென்றே முறைத்தார்.

பேனா முனை காகிதத்தைத் தொட்டது. 'ஷெ' என்று எழுதிவிட்டாள்.

"இருங்க" என்றார் வசந்தகுமார். "போன் பண்ணிப் பார்த்ததுக்கு ஒரு வரி இருக்குதல்லங்க? பார்க்காம எழுதக் கூடாது. நம்பர்?"

"நான் அப்பவே பண்ணிட்டேன் சார், எடுக்கல" என்றார் டென்னிஸ்.

"நானும் ஒருதடவை பண்ணிடறேன்." கேட் பதிவிலிருந்த நம்பரைப் பார்த்து அவரே அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார்.

ரிங் போனது.

ஷெர்லினின் ஜாக்கெட் பைக்குள், அவள் இடுப்பை ஒட்டி, ஏதோ உயிருள்ள பிராணி போல அது துடித்தது. சத்தமில்லை. கேட்டில் கொடுக்கும்போதே மாரி சைலன்ட்டில் போட்டிருப்பார். ஜெனரேட்டர் இரைச்சலில் அந்த அதிர்வு யாருக்கும் கேட்காது. டென்னிஸ் மட்டும் அவள் பையைப் பார்த்தார். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். தலையை மெல்ல, மிக மெல்ல, இடமும் வலமுமாக ஆட்டினார்.

மூன்று முறை அடித்தது. நான்கு முறை. ஐந்து.

இன்னும் இரண்டு மூன்று முறை அடித்தால் ஓய்ந்துவிடும். 'எடுக்கவில்லை' என்று ஒரு வரி எழுதுவார்கள். கட்டர் பூட்டைக் கடிக்கும். பெட்டி திறக்கும். பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது. அவளைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் தெரியவும் தெரியாது. கேட் பதிவு சரியாக இருக்கும். ஃபாரம் சரியாக இருக்கும். ஓட்டையே இருக்காது.

பை துடித்தது.

ஷெர்லின் பேனாவைக் கீழே வைத்தாள். பைக்குள் கையை விட்டு, டேப் சுற்றிய போனை வெளியே எடுத்து, பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள்.

"ஹலோ" என்றாள்.

"ஹலோ" என்றது வசந்தகுமாரின் கையிலிருந்த ஸ்பீக்கர், அவள் குரலில்.

டென்னிஸின் கையிலிருந்து கட்டர் நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது.

வசந்தகுமார் தன் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்போதும் குரல் உயரவில்லை. "மேடம், இது எப்படி உங்க கையில வந்துச்சுங்க?"

"காலைல கார்டை பஞ்ச் பண்ணது நான்தான் சார். நாலு பேருடையதையும். யாரும் வெளிய போகல. வேலை செஞ்சாங்க. மூணு பேரு அப்புறமா வேன்ல போயிட்டாங்க." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "மாரியண்ணன் உள்ள இருக்காரு. பேனல் ரூம்ல. உங்க ஆளுங்க வந்தப்ப ஒளிஞ்சிருக்காரு. எந்தப் பேனல்னு தெரியல சார். தயவுசெஞ்சு திறங்க."

"ஐயோ, இந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு சார், இவ எதையோ..." என்று டென்னிஸ் ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீங்க." வசந்தகுமார் வாக்கிடாக்கியை எடுத்தார். "சார்ஜிங் நிறுத்தம். சப்ஸ்டேஷன், கேக்குதா? நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது." பிறகு ஷெர்லினின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நோக்கிக் கையை நீட்டினார். அவள் கழற்றிக் கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வாங்க. திறக்கலாம்."

சிவப்பு டேப்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். மூடிக் கிடந்த அறை அனலாகக் கொதித்தது.

"மாரி!" என்று கூப்பிட்டார் வசந்தகுமார். "யாருப்பா உள்ள? சத்தம் குடு!"

பதில் இல்லை.

"நீங்க கூப்பிட்டா வர மாட்டாரு சார்" என்றாள் ஷெர்லின். "நான்தான் அப்படிச் சொல்லி வச்சேன்."

ஒன்றாவது கதவு. கேபிள்கள், வேறொன்றுமில்லை. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு கைப்பிடியையும் வசந்தகுமாரே சாவி போட்டுத் திருகினார். நான்காவதில் யாரோ மறந்து வைத்த ஒரு கையுறை. ஐந்தாவது காலி. ஆறாவது கதவில் அவளுடைய பச்சை ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது.

கதவு திறந்தது.

முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, கேபிள்களுக்கு நடுவே கேபிளாக மாரி உட்கார்ந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. செம்புக் கட்டை அவர் தோளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மின்னியது. கழுத்துச் சாவியை வலது கை இறுக்கிப் பிடித்திருந்தது.

வெளிச்சத்துக்குக் கண்களைச் சுருக்கினார். முதலில் ஷெர்லினைப் பார்த்தார். அப்புறம் அவள் பக்கத்தில் நின்ற வெள்ளை ஹெல்மெட்டைப் பார்த்தார். முகம் மாறியது. பரபரவென்று எழ முயன்றார்; கால் மரத்துப்போயிருந்தது, எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே, அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, தப்பில்லாமல் ஒப்பித்தார்:

"சார், நான் இங்க இல்ல சார்... காலைல எட்டு மணிக்கே வூட்டுக்குப் போயிட்டேன்."